மோட்டாருக்கு ஸ்டாரா, டெல்டாவா?

கேள்வி: மாவு மில்லுக்கு 10 எச்பி த்ரீ பேஸ் மோட்டார் வாங்கப் போகிறேன். ஒரு கடையில், "ஸ்டாரில் கொடுத்து ஓட்டுங்க, கரண்ட் பில் குறையும்" என்று சொல்லி, மீட்டரை வைத்தே காட்டினார்கள். இன்னொரு கடையில், "டெல்டாதான் இழுக்கும்" என்கிறார்கள். எதை வாங்குவது? ஸ்டார்ட்டர் டிஓஎல் (கரண்டை நேராக மோட்டாருக்குக் கொடுப்பது) போதுமா?

பதில்: மோட்டாருக்குள் இருக்கும் மூன்று காயில்களின் ஒரு பக்க முனைகளை ஒரே இடத்தில் சேர்த்தால் ஸ்டார், மூன்றையும் முக்கோணமாகக் கோத்தால் டெல்டா. மோட்டார் ஓடுவது ஸ்டாரிலா டெல்டாவிலா என்பதை நீங்களோ கடைக்காரரோ முடிவு செய்ய முடியாது. காயில் சுற்றும்போதே கம்பெனி முடிவு செய்து நேம் பிளேட்டில் அடித்திருக்கும். நம் ஊரில் 10 எச்பி மோட்டார் என்றால் பெரும்பாலும் 415 வோல்ட் என்று போட்டு, பக்கத்தில் சின்ன முக்கோணம் இருக்கும். அது டெல்டா. இரண்டு, மூன்று எச்பி மோட்டார்களில் ஆங்கில ஒய் எழுத்து மாதிரி குறி இருக்கும். அது ஸ்டார்.

டெல்டா மோட்டாரை ஸ்டாரில் கொடுத்தால் ஒவ்வொரு காயிலுக்கும் 415 வோல்ட்டுக்குப் பதில் 240 வோல்ட்தான் போகும். இழுவை மூன்றில் ஒரு பங்காகிவிடும். தானியம் விழுந்ததும் வேகம் இறங்கும், ஆம்ப்ஸ் ஏறும், ஓவர்லோடு ரிலே (ஆம்ப்ஸ் அதிகமானால் மோட்டாரை நிறுத்தும் கருவி) தூக்காவிட்டால் காயில் கருகும். ஸ்டார் மோட்டாரை டெல்டாவில் கொடுப்பது இன்னும் மோசம். 240 வோல்ட்டுக்குச் சுற்றிய காயிலில் 415 வோல்ட் பாயும். உறுமலோடு சூடேறி, சில நிமிடங்களில் வார்னிஷ் வாசனை வந்துவிடும்.

அப்படியானால் கடையில் காட்டிய மீட்டர் பொய்யா? பொய்யில்லை, ஆனால் வித்தை. லோடு இல்லாமல் சும்மா சுற்றும் மோட்டாரில் கிளாம்ப் மீட்டரை மாட்டினால் ஸ்டாரில் ஆம்ப்ஸ் நன்றாகக் குறைந்துதான் தெரியும். அந்த ஆம்ப்ஸில் பெரும்பகுதி காந்தப்புலத்தை உண்டாக்கப் போவது. உங்கள் யூனிட் கணக்கில் அதன் பங்கு கொஞ்சம்தான். மில்லில் அரிசி அரைபடும்போது இதே சோதனையைச் செய்து காட்டச் சொல்லுங்கள், பேச்சு மாறிவிடும். எப்போதும் கால்வாசி லோடிலேயே ஓடும் மோட்டாருக்கு ஸ்டாரில் கொஞ்சம் மிச்சம் உண்டு என்பது உண்மை. ஆனால் உங்கள் வேலை அப்படியென்றால் 10 எச்பி எதற்கு? சின்ன மோட்டாராக வாங்கிவிடலாமே.

நீங்கள் உண்மையில் தேர்ந்தெடுக்க வேண்டியது ஸ்டார்ட்டரைத்தான். 10 எச்பி மோட்டார் முழு லோடில் சுமார் 14 ஆம்ப்ஸ் எடுக்கும். டிஓஎல் போட்டால் கிளம்பும் நொடியில் அதைப்போல ஆறேழு மடங்கு, அதாவது 80 முதல் 100 ஆம்ப்ஸ் வரை இழுக்கும். தெரு விளக்கு மினுக்கும், பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் மோட்டாரை முதலில் ஸ்டாரில் கிளப்பி, வேகம் பிடித்ததும் டெல்டாவுக்கு மாற்றும். அந்த இழுப்பு மூன்றில் ஒன்றாகக் குறையும். இந்த சைஸுக்கு அதையே வாங்குங்கள்.

ஆனால் கிளம்பும்போது இழுவையும் மூன்றில் ஒன்றுதான். ஆகவே கொப்பரையிலிருந்து தானியம் விழும் வழியை மூடிவிட்டு, மில்லைக் காலியாகக் கிளப்ப வேண்டும். லோடோடு போட்டால் ஸ்டாரில் வேகமே பிடிக்காது. டெல்டாவுக்கு மாறும்போது குதித்துக்கொண்டு கிளம்பும், ஸ்டார்-டெல்டாவுக்குக் கொடுத்த காசு வீண்.

வாங்கும்போது மோட்டாரில் வயர் மாட்டும் பெட்டியை, அதாவது டெர்மினல் பாக்ஸைத் திறக்கச் சொல்லுங்கள். ஆறு முனை வெளியே வந்திருக்க வேண்டும். மூன்றுதான் இருந்தால் அந்த மோட்டாருக்கு ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் பயன்படாது. ஸ்டார்ட்டரிலிருந்து மோட்டாருக்கு ஆறு வயர் போகும், அந்தச் செலவையும் கணக்கில் வையுங்கள். பெட்டிக்குள் இருக்கும் மூன்று பித்தளைப் பட்டைகளையும் கழற்றிவிட்டுத்தான் அந்த ஆறு வயரையும் மாட்ட வேண்டும்.

எலக்ட்ரீஷியன்கள் அதிகம் கோட்டை விடுவது ரிலேயில். ஸ்டார்-டெல்டாவில் ஓவர்லோடு ரிலே பெரும்பாலும் காயிலுக்குப் போகும் வயரில் இருக்கும். அங்கே ஓடுவது 14-இல் 58 சதவீதம், அதாவது சுமார் 8 ஆம்ப்ஸ்தான். ரிலேயை 14-இல் வைத்துவிட்டுப் போனால் அது இருந்தும் இல்லாத மாதிரி.

கேள்வி: வெளிநாட்டு லேத் ஒன்று செகண்ட் ஹேண்டில் வருகிறது. மோட்டார் பிளேட்டில் 230/400 என்று இருக்கிறது. நம் கரண்டில் ஓடுமா?

பதில்: ஓடும், ஸ்டாரில் மட்டும். முதல் எண் டெல்டாவுக்கு, இரண்டாவது ஸ்டாருக்கு. பட்டைகள் மூன்று முனையை ஒரே வரிசையாகச் சேர்த்திருந்தால் ஸ்டார். மேலும் கீழுமாக மூன்று ஜோடியாக இருந்தால் டெல்டா. இந்த மோட்டாருக்கு ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரை யாராவது தலையில் கட்டப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். டெல்டாவுக்கு மாறியதும் எரிந்துவிடும். பிளேட்டில் 400/690 என்றிருந்தால் மட்டும் நம் ஊரில் டெல்டா. இடையில் ரீவைண்டிங் ஆகியிருந்தால் பிளேட்டை நம்ப முடியாது. எந்த வோல்ட்டுக்கு, எந்தக் கனெக்‌ஷனுக்குச் சுற்றியது என்று விற்பவரிடம் பில்லில் எழுதி வாங்கிய பிறகே பணத்தைக் கொடுங்கள்.