இருவழி நான்கு வழியாகும்போது: நிலம், போக்குவரத்து, விலங்குகள் (கேள்வி பதில்)

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி வழியாக நாகப்பட்டினம் போகும் பழைய 45ஏ சாலை, சுமார் 180 கிலோமீட்டர், நான்கு பகுதிகளாகப் பிரித்து விரிவாக்கம் செய்யப்படுகிறது. கேள்விகள் பெரும்பாலும் அந்தச் சாலையோர ஊர்களிலிருந்து வந்தவை. மலைச்சாலைகள் பற்றியும் சிலர் கேட்டிருந்தார்கள்.

முருகையன், சீர்காழி அருகே: எங்கள் சர்வே எண் பேப்பரில் வந்திருக்கிறது சார். முதலில் என்ன செய்வது?

அறிவிப்பு எந்தப் பிரிவில் வந்திருக்கிறது என்று பாருங்கள். 1956 தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தில் 3ஏ என்றால் எடுக்கப் போகிறோம் என்ற அறிவிப்பு. அது வெளியான நாளிலிருந்து 21 நாளுக்குள் ஆட்சேபணையை எழுத்தில் கொடுக்க வேண்டும். தனி மாவட்ட வருவாய் அலுவலர் (நில எடுப்பு) அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். "நிலம் தர மாட்டேன்" என்று மட்டும் எழுதினால் விசாரணை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். கிணறு எங்கே இருக்கிறது, வாய்க்கால் எங்கே அறுபடும், எதிர்ப்பக்கம் புறம்போக்கு இருந்தால் சாலையின் தடத்தை எத்தனை மீட்டர் நகர்த்தலாம் என்று புலப்படத்தில் குறித்துக் கொடுங்கள்.

3டி வந்துவிட்டால் நிலம் மத்திய அரசுக்குப் போய்விட்டது. அதற்குமேல் பேச இழப்பீடு மட்டும்தான் மிச்சம். 3ஏ வெளியாகி ஓராண்டுக்குள் 3டி வரவில்லை என்றால் பழைய அறிவிப்பு காலாவதி. ஆனால் நீதிமன்றத் தடை இருந்த நாட்களை அந்த ஓராண்டில் சேர்க்க மாட்டார்கள்.

இன்னொன்று, இன்றே பட்டாவைப் பாருங்கள். தாத்தா பெயரிலேயே இருந்து, பங்காளிகளுக்குள் யாருக்கு எவ்வளவு என்ற தகராறும் வந்தால், பணம் சிவில் நீதிமன்றத்துக்குப் போய்விடும். வாரிசுச் சான்று, வில்லங்கச் சான்று, உட்பிரிவு எல்லாம் இழப்பீட்டைத் தீர்மானிக்கும் 3ஜி விசாரணைக்கு முன்பே கையில் இருக்கட்டும்.

அதே ஊரிலிருந்து இன்னொருவர்: இழப்பீட்டை எப்படிக் கணக்குப் போடுகிறார்கள்?

2015 முதல் 2013 நிலமெடுப்புச் சட்டத்தின் இழப்பீட்டு முறை இதற்கும் பொருந்தும். வழிகாட்டி மதிப்பு ஒன்று. முந்தைய மூன்று ஆண்டுகளில் அக்கம்பக்கத்தில் பதிவான கிரயங்களில் உயர்ந்த பாதியின் சராசரி இன்னொன்று. இரண்டில் எது அதிகமோ அதுதான் சந்தை மதிப்பு. கிராமப் பகுதி என்றால் அரசு அறிவித்த பெருக்கு எண்ணால் (1 முதல் 2 வரை) பெருக்குவார்கள். அதோடு வீடு, கிணறு, ஆழ்துளைக் கிணறு, மரம் சேரும். இந்த மொத்தத்துக்குச் சமமான தொகை ஆறுதல் தொகையாக வரும்.

உதாரணத்துக்கு: நிலம் 10 லட்சம், பெருக்கு எண் 1.25 என்றால் 12.5 லட்சம். கட்டடம் 4 லட்சம் சேர்த்தால் 16.5. ஆறுதல் தொகை இன்னொரு 16.5. ஆக 33 லட்சம். 3ஏ தேதியிலிருந்து கணக்கிடும் ஆண்டுக்கு 12 சதவீதக் கூடுதல் தொகை தனி.

பெரும்பாலும் விட்டுப்போவது அளவெடுப்பில்தான். மோட்டார் கொட்டகை, நிலத்தடிக் குழாய், வேலி, களம் இவையெல்லாம் தாளில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நிலம் இரண்டு துண்டாகி ஒரு முக்கோணம் மிஞ்சினால் அந்தப் பிரிவினை நட்டத்தையும் 3ஜி(7)-ன் கீழ் தனியாகக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் யாரும் தானாகப் போட்டுத் தருவதில்லை. தொகை போதவில்லை என்றால் "ஆட்சேபணையுடன் பெறுகிறேன்" என்று எழுதி வாங்கிக்கொண்டு, 3ஜி(5)-ன் கீழ் நடுவரிடம் மனுப் போடுங்கள். நடுவர் பெரும்பாலும் மாவட்ட ஆட்சியர்தான்.

கலைச்செல்வி, சிதம்பரம் பக்கம்: எங்கள் ஊருக்குச் சுரங்கப்பாதை தருகிறார்கள். வைக்கோல் லாரி போகுமா?

வரைபடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். இலகு வாகனப் பாதை 12 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரம். அதைவிடச் சிறியது 7 மீட்டர் அகலம், அதே 4 மீட்டர் உயரம். லாரி, பஸ் தாராளமாகப் போகும் பெரிய பாதை 5.5 மீட்டர் உயரம். பாரம் ஏற்றிய வைக்கோல் லாரி 4 மீட்டரில் நுழையாது. கதிர் அறுக்கும் இயந்திரத்தை டிரெய்லரில் ஏற்றிவந்தாலும் இடிக்கும். கீழே தார் போட்டு மேலே மேலே ஏற்றினால் அந்த 4 மீட்டரும் குறைந்துகொண்டே வரும்.

உயரம் போதவில்லை என்று தரையைத் தோண்டித் தந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஐப்பசி கார்த்திகையில் அது குளம்தான். வடிகால் எந்த வாய்க்காலில் சேருகிறது, அந்த வாய்க்காலின் அடிமட்டம் பாதையின் தரைமட்டத்துக்குக் கீழே இருக்கிறதா என்று மட்டக்கணக்கைக் கேட்டு வாங்குங்கள். "பம்ப் வைக்கிறோம்" என்ற பதிலை நம்ப வேண்டாம். அடைமழையில் மின்சாரம் போகும், பம்பும் நிற்கும்.

கான்கிரீட் போட்ட சுரங்கப்பாதைப் பெட்டியைப் பிறகு உயர்த்த முடியாது. கிராமசபைத் தீர்மானத்தோடு நெடுஞ்சாலை ஆணையத்தின் திட்ட இயக்குநருக்குக் கடிதம் போக வேண்டியது அடித்தளம் தோண்டுவதற்கு முன்னால்.

ராஜேந்திரன், கடலூர் மாவட்டம்: சாலையை மேடாக்கிய பிறகு மேற்குப் பக்கம் வயலில் தண்ணீர் நிற்கிறது. ஏன்?

இந்தக் கடலோரத்தில் நீர் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும். சாலை வடக்கு தெற்காக அதைக் குறுக்கே மறிக்கிறது. பழைய சாலை தாழ்வாக இருந்ததால் வெள்ளம் மேலேறிக் கடந்தது. புதியது அணைபோல நிற்கிறது, நீர் போக வழி சிறுபாலங்கள் மட்டும்தான். கட்டுமானத்தின்போது போட்ட தற்காலிக மண் அடைப்பை அகற்றாமல் விட்டிருப்பார்கள். அல்லது பாலம் இருந்தும் இரு பக்க வாய்க்கால் தூர்ந்திருக்கும். மழைக்கு முன் வருவாய்த்துறை, நீர்வளத்துறை, ஒப்பந்ததாரர் மூவரையும் ஒரே நாளில் கூட்டி நடந்து பார்க்க வையுங்கள். தனித்தனியாகக் கூப்பிட்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார்.

பெயர் வேண்டாம் என்றவர்: எதிர்த்திசையில் பைக் ஓட்டுகிறவர்களை ஏன் தடுக்க முடியவில்லை?

மையத்தடுப்பில் திறப்புகள் பொதுவாக 2 கிலோமீட்டருக்குக் குறையாத இடைவெளியில்தான் தரப்படும். எதிரே தெரியும் கடைக்குப் போக நான்கு கிலோமீட்டர் சுற்றச் சொன்னால் மனிதர்கள் சுற்ற மாட்டார்கள். இதற்கு மருந்து அபராதம் அல்ல, விடுபடாத சர்வீஸ் ரோடு. நிலம் கிடைக்கவில்லை என்று நடுவில் 300 மீட்டர் விட்டுவிடுவார்கள். எதிர்த்திசை ஓட்டம் அந்த 300 மீட்டரில்தான் நடக்கும். ஊரார் தாங்களாகவே மையத்தடுப்பை உடைத்து வழி செய்வது அதைவிட மோசம். கார் 100 கிலோமீட்டர் வேகத்தில் வர அனுமதி உள்ள சாலை அது.

பிரபாகர், புதுச்சேரி: 180 கிலோமீட்டருக்கு சுற்றுச்சூழல் அனுமதியே வாங்கவில்லையாமே?

விதி இதுதான்: 100 கிலோமீட்டருக்கு மேல் நீளம் இருக்க வேண்டும், அதோடு கூடுதலாக எடுக்கும் நிலத்தின் அகலம் பழைய தடத்தில் 40 மீட்டரையோ, புதிய தடத்திலும் புறவழியிலும் 60 மீட்டரையோ தாண்ட வேண்டும். அப்போதுதான் அனுமதி கட்டாயம். 45ஏ வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2021 ஜனவரியில் தீர்ப்பு நெடுஞ்சாலை ஆணையத்துக்குச் சாதகமாக வந்தது. ஆனால் அனுமதியைத் தவிர்க்கவே சாலையைத் துண்டுபோடுவது தவறு என்றும் நீதிமன்றம் சொன்னது. என் பார்வையில் இந்த 40 மீட்டர் விதி தாராளமாக வைக்கப்பட்ட ஓட்டை. பழைய சாலையோரப் புளியமரங்கள் நிற்கும் இடம் அந்த 40 மீட்டருக்குள்தான். வெட்டிய ஒரு மரத்துக்குப் பத்து என்ற கணக்கில் கன்று நட்டாலும், நூறு வயது மரத்தின் நிழல் சாலைக்குத் திரும்ப ஒரு தலைமுறை ஆகும். நட்ட கன்றை ஐந்தாம் ஆண்டில் எண்ணிப் பாருங்கள், முதலாண்டில் அல்ல.

தேவி, சத்தியமங்கலம்: காட்டுப் பகுதியில் சாலையை அகலப்படுத்தினால் விலங்குக்குச் சுரங்கப்பாதை போதுமா அண்ணா?

சரியான இடத்தில், சரியான அளவில் கட்டினால் வேலை செய்யும். 44ஆம் எண் நெடுஞ்சாலை பெஞ்ச் புலிகள் காப்பகத்தைக் கடக்கும் மகாராஷ்டிரப் பகுதியில் விலங்குகள் சாலைக்குக் கீழே கடக்க ஒன்பது அமைப்புகள் கட்டினார்கள். நீளம் 50 மீட்டரிலிருந்து 750 மீட்டர் வரை. 2019இல் தானியங்கிக் கேமராக்களில் 18 வகைக் காட்டு விலங்குகள் பதிவாயின, புலியும் அதில் உண்டு. யானைக்கு அந்த அமைப்புகளின் உயரம்கூடப் போதாது. டெல்லி-டேராடூன் விரைவுச்சாலையில் 12 கிலோமீட்டரை மேம்பாலமாகவே தூக்கியிருக்கிறார்கள்.

கெட்டுப்போவது எப்படி என்றால், ஏற்கெனவே மண்மேடு வசதியாக இருக்கும் இடத்தில் பாதையை வைப்பார்கள். விலங்கு நடக்கும் தடம் அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கும். இரு பக்கமும் வழிகாட்டி வேலி இல்லாவிட்டால் அது பழைய இடத்திலேயே சாலை ஏறும். நடுவில் தொடர் கான்கிரீட் தடுப்பு இருந்தால் பாதி கடந்த கீரி, புனுகுப்பூனை, காட்டுப்பன்றிக் குட்டிகள் வெளியேற வழியின்றிச் சக்கரத்தில் மாட்டும். பாதைக்குக் கீழே லாரி நிறுத்திச் சமைப்பதையும் தடுக்க வேண்டும். சிறு உயிர்களுக்குச் செலவே இல்லை. சிறுபாலத்தின் ஓரத்தில் நீர்மட்டத்துக்கு மேல் ஒரு திட்டு விட்டால் உடும்பும் கீரியும் மழைக்காலத்திலும் நடந்து கடக்கும்.

உங்கள் திம்பம் பாதைக்கு அகலப்படுத்துவதே தேவையில்லை என்பேன். 27 கொண்டை ஊசி வளைவுகள். 2022 பிப்ரவரியிலிருந்து சரக்கு வாகனங்களுக்கு மாலை 6 முதல் காலை 6 வரை தடை. இலகு வாகனங்களுக்கு இரவு 9 முதல். பந்திப்பூரில் இரவு 9 முதல் காலை 6 வரையான தடை 2009 முதல் இருக்கிறது. தடைக்குச் செலவு ஒரு சோதனைச்சாவடிதான்.

ஜான், வால்பாறை: சிங்கவால் குரங்குகளுக்கு என்ன வழி?

கிளைகள் தொட்டுக்கொள்ளும் இடத்தில் மரத்தை வெட்டாதிருப்பதே முதல் வழி. அறுந்த இடங்களில் பழைய தீயணைப்புக் குழாய்களைக் கொண்டு மரத்துக்கு மரம் தொங்குபாலம் கட்டியிருக்கிறார்கள், குரங்குகள் பயன்படுத்துகின்றன. ஆனால் சுற்றுலாப் பயணி சிப்ஸ் வீசினால் பாலத்தை விட்டுக் கீழேதான் இறங்கும்.

செந்தில், நாகப்பட்டினம்: டோல்கேட் பக்கத்திலேயே வீடு. தினமும் கட்ட வேண்டுமா?

சாவடியிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் வசிப்பவரின் வணிகமல்லாத வாகனத்துக்கு மாதப் பாஸ் உண்டு. 2025-26க்கு 350 ரூபாய். முகவரிச் சான்று, ஆர்.சி. புத்தகத்தோடு சாவடி அலுவலகத்தில் கேளுங்கள், ஃபாஸ்டேகில் ஏற்றித் தருவார்கள். மஞ்சள் போர்டு வண்டிக்கு இது கிடையாது. விபத்துக்கும் சாலைப் புகாருக்கும் எண் 1033.