மனநல வார்டில் சேர ஆறு மாதச் சான்றிதழ் தேவையா?

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் முடித்து, சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனை ஐசியூவில் மூன்று வருடமாக வேலை பார்க்கிறேன். மனநலப் பிரிவுக்கு மாற ஆசை. "எங்களுடைய ஆறு மாத ஆன்லைன் சான்றிதழ் இல்லாமல் மனநல வார்டுக்குள் நுழையவே முடியாது, 85,000 ரூபாய் ஆகும்" என்கிறார் ஒரு கன்சல்டன்சிக்காரர். கட்டலாமா? ஐசியூ அனுபவம் வீணாகிவிடுமா?

பதில்: கட்டாதீர்கள். அட்வான்ஸ் என்று ஆயிரம் ரூபாய் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

பொது நர்சிங்கிலோ மனநல நர்சிங்கிலோ அங்கீகாரமுள்ள டிப்ளமோ அல்லது பட்டம் பெற்று, மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்தவரையே மனநல செவிலியர் என்கிறது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். அதாவது, நீங்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறீர்கள். உங்கள் மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருந்தால், நர்சிங் சூப்பரின்டென்டென்டிடம் எழுதிக் கொடுங்கள்.

தனியாகப் படிக்க வேண்டுமென்றால் இந்திய நர்சிங் கவுன்சில் அங்கீகரித்த மனநல நர்சிங் ஓராண்டு போஸ்ட் பேசிக் டிப்ளமோ (நர்சிங் முடித்தவர்கள் மேற்கொண்டு படிப்பது), இல்லையென்றால் இரண்டாண்டு எம்.எஸ்சி. இரண்டுமே வார்டில் நின்று படிப்பவை. நாக்குக்கு அடியில் மாத்திரையை ஒதுக்கி வைத்திருப்பவரிடம் கோபப்படாமல் பேசி விழுங்க வைப்பதை எந்த ஆன்லைன் வகுப்பு சொல்லித்தரும்?

இந்த ஆட்கள் பேசும் விதமே ஒன்றுதான். "அங்கீகாரத்துக்கு அப்ளை பண்ணியிருக்கோம், வந்துடும்" என்பார்கள். அப்புறம் "சரிபார்க்க ஒரிஜினல் கொடுங்கள்" என்பார்கள். கொடுக்கவே கூடாது. என் மாணவி ஒருத்தி கொடுத்துவிட்டு எட்டு மாதம் அலைந்தாள். அதற்குள் கைக்கு வந்த வேலையும் போயிற்று.

எங்கே படித்தீர்கள் என்று எழுதவில்லையே. பெங்களூரிலோ சித்தூரிலோ படித்திருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த மாநிலப் பதிவை மட்டும் வைத்துக்கொண்டு இங்கே காலம் தள்ளாதீர்கள். பழைய கவுன்சிலில் தடையில்லாச் சான்று வாங்கி, சாந்தோமில் உள்ள தமிழ்நாடு கவுன்சிலில் பதியுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் பட்டத்திலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் இழுத்தடிப்பார்கள். இதற்கும் புரோக்கர் வேண்டாம், நேரில் போங்கள்.

எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. மனநல டிப்ளமோ முடித்து வருபவரைப் பிரசவ வார்டில் போடுகிறார்கள். பயிற்சியே இல்லாதவரை ஏதோ தண்டனை போல மனநல வார்டுக்கு அனுப்புகிறார்கள். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். ஆசைப்பட்டு வரும் உங்களைப் போன்றவர்கள்தான் அங்கே தேவை.

ஐசியூ அனுபவம் வீணாகாது. மனநிலை ஏற்ற இறக்கத்தைக் கட்டுப்படுத்தும் லித்தியம் மாத்திரை சாப்பிடும் ஒருவர், கத்திரி வெயில் நாளில் காபி டம்ளரைப் பிடிக்கும்போது கை வழக்கத்தைவிட அதிகமாக நடுங்குகிறது, நடை தள்ளாடுகிறது என்று வையுங்கள். வியர்வையில் நீரும் உப்பும் போய், ரத்தத்தில் மருந்தின் அளவு அதிகமாக ஏறியிருக்கலாம். வாந்தி, பேதி உண்டா என்று கேட்டு, அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் வைத்து, உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். ரத்தத்தில் லித்தியம் அளவு வரும்வரை அவர் பக்கத்திலேயே நிற்கவும் வேண்டும். ஐசியூவில் நின்ற உங்களுக்கு அது புதிதல்ல.