பட்டியல் நீண்டால் சார்பு ஏன் திணறுகிறது?

கேள்வி: ‘மாக்ஸிமா’ என்ற கணித மென்பொருளில் ஒரு பட்டியலின் எண்களை வர்க்கமாக்க, ‘ஃபார்’ சுழலுக்குள் ‘எண்ட்கான்ஸ்’ வைத்துச் சார்பு எழுதினேன். 20 எண்களுக்கு நொடியில் முடிகிறது. 20,000 என்றால் திணறுகிறது. ஏன்?

பதில்: ‘எண்ட்கான்ஸ்’ கடைசியில் ஓர் உறுப்பைச் சேர்க்க, ஒவ்வொரு முறையும் பட்டியல் முழுவதையும் நகலெடுக்கிறது. 20,000 சுற்றில் ஏறக்குறைய 20 கோடி உறுப்புகள் நகலாகும்! அதற்குப் பதிலாக ‘கான்ஸ்’ பயன்படுத்துங்கள்; அது உறுப்பை முன்னால் ஒட்டுவதால் நகலே இல்லை. ஆனால் விடை தலைகீழாக வரும். சுழல் முடிந்தபின் ஒரே ஒரு ‘ரிவர்ஸ்’ போடுங்கள். அதைச் சுழலுக்குள் போட்டால் பழைய கதைதான்.

உண்மையில் இதற்குச் சுழலே வேண்டாம், பட்டியலை நேரடியாக உருவாக்கித் தரும் ‘மேக்லிஸ்ட்’ போதும்.

இன்னொன்று: பட்டியலை வேறு பெயருக்கு ஒதுக்கினால் நகல் உருவாகாது; ஒன்றின் உறுப்பை மாற்றினால் மற்றதும் மாறும். தனி நகலுக்கு ‘காப்பிலிஸ்ட்’.