பி.எஸ்சி நர்சிங் முடித்திருக்கிறேன். விபத்து, அறுவை சிகிச்சைப் பிரிவில் நர்ஸ் பிராக்டிஷனர் ஆகலாமா? அது 'அரை டாக்டர்' வேலை என்கிறார்களே?

அந்த 'அரை டாக்டர்' என்ற சொல்லுக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். சொந்தக்காரர்கள் வாயிலேயே கேட்டு அலுத்துப்போனது.

நீங்கள் ஒன்றிரண்டு வருடம் வார்டு பார்த்திருப்பீர்கள், வெளிநாட்டு யோசனையும் இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். நான் நாகர்கோவில்காரி. இங்கிலாந்தில் பெரிய விபத்துகளுக்கான மையம் ஒன்றில் இந்த வேலைதான் பார்க்கிறேன். நர்ஸ் பிராக்டிஷனர் என்றால், மேற்கொண்டு படித்து, நோயாளியைத் தானே பரிசோதித்து மருந்தும் எழுதும் நர்ஸ்.

அடிபட்டு வருபவருக்கு முதலில் மூச்சு, ரத்தப்போக்கு, அப்புறம் ஸ்கேன். அந்தப் பரபரப்பில் சின்னக் காயங்கள் தப்பிவிடும். அதனால் மறுநாள் உச்சி முதல் உள்ளங்கால் வரை திரும்பவும் பார்க்க வேண்டும். எங்கள் வார்டில் அது பெரும்பாலும் என் பொறுப்பு. பைக்கிலிருந்து விழுந்த ஓர் இளைஞருக்கு மண்ணீரலில் கிழிசல், விலா எலும்புகள் முறிவு. எல்லோர் கண்ணும் அவர் வயிற்றில்தான். ரத்த அழுத்தம் நிலையாக இருந்ததால் ஆபரேஷன் இல்லாமலே கவனித்தோம். மறுநாள் கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டுக் குழியை அழுத்தினேன், கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். படம் எடுத்தால் ஸ்கேஃபாய்ட் எலும்பில் முறிவு. அந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் ஒரு முனையிலிருந்துதான் போகிறது. கவனிக்காமல் விட்டால் கூடாமலே போகலாம், ஒரு பகுதி செத்தும் போகலாம். அவரோ எலக்ட்ரீஷியன்!

மருந்து எழுதுவேன், ஸ்கேன் கேட்பேன், நெஞ்சில் தேங்கிய காற்றையோ ரத்தத்தையோ வெளியேற்ற வைத்த குழாயை எடுப்பேன். விலா முறிந்தவருக்கு வலியைக் குறைப்பதில்தான் என் பாதி நாள் போகும். வலிக்கு பயந்து இருமாமல் இருந்தால் சளி தேங்கி நிமோனியாவில் முடியும். டாக்டர்கள் யாரும் சண்டைக்கு வர வேண்டாம், கத்தி பிடிப்பது சர்ஜன்தான், சிக்கல் என்றால் நானும் அவரைத்தான் கூப்பிடுவேன். ஆனால் ஜூனியர் டாக்டர்கள் சில மாதத்தில் வேறு பிரிவுக்கு மாறிவிடுவார்கள், வார்டில் நிலையாக இருப்பது நாங்கள். இது நேற்று முளைத்த பதவியும் இல்லை. 1965-இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற நர்ஸும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து தொடங்கியது.

இங்கிலாந்துக்கு வர வழி நீளம். ஓ.இ.டி. அல்லது ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வு, கணினித் தேர்வு, ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வு, நர்ஸாகப் பதிவு எல்லாம் முடித்தால் பேண்ட் 5 என்ற சம்பளப் படியில் சாதாரண நர்ஸாகத்தான் தொடங்குவீர்கள். அப்புறம் அனுபவம், முதுகலை, மருந்து எழுதும் தகுதிக்குத் தனிப் படிப்பு. இந்தியாவிலேயே தீவிர சிகிச்சைக்கான நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு இரண்டு வருடத்தில் உண்டு. ஆனால் முடித்தவர்களைப் பழையபடி ஸ்டாஃப் நர்ஸாகவே வைத்திருக்கிறார்கள் என்று தோழிகள் புலம்புகிறார்கள். சேரும் முன் பதவி இருக்கிறதா என்று கேளுங்கள்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை எந்த ஆஸ்பத்திரியிலும் கொடுக்காதீர்கள். என் முதல் வேலையில், ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், பாண்ட் என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார்கள். அப்பா கடன் வாங்கிப் பணம் கட்டி மீட்டார். ரசீது கேட்டதற்கு, "அதெல்லாம் தர்ற வழக்கம் இல்லைங்க" என்றார்கள்.