ஓவனிலிருந்து விநோதமான சத்தம் வருகிறது, என்ன கோளாறாக இருக்கும்?

சூடாகும்போது நடுநடுவே 'டொக்'கென்று ஒரு சத்தம், அணைத்த பிறகும் உள்ளே ஏதோ 'உய்ய்'யென்று ஓடுகிற சத்தம், ஓவனையே மாற்ற வேண்டியிருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். இந்த இரண்டும் பெரும்பாலும் கோளாறே இல்லை. (பலரும் 'அவன்' என்று எழுதுகிறார்கள். நான் ஓவன் என்றே எழுதுகிறேன். 'அவன் ராத்திரியெல்லாம் சத்தம் போடுகிறான்' என்றால் பக்கத்து வீட்டுக்காரர் மேல் புகார் சொல்வதுபோல் ஆகிவிடும்.)

முதலில் டொக். அது தகடு விரியும் சத்தம். 40 சென்டிமீட்டர் நீளமுள்ள எஃகுத் தட்டு 200 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 1 மில்லிமீட்டர் நீளும். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் நான்கு பக்கமும் திருகி இறுக்கிய தகட்டுக்கு அந்த ஒரு மில்லிமீட்டர் போக இடமில்லை. நெளிந்து, தாங்க முடியாத கட்டத்தில் சட்டென்று புடைத்துக்கொள்ளும். மெல்லிய தட்டின் ஒரு மூலையில் மட்டும் ஃப்ரீசரிலிருந்து எடுத்த பண்டத்தை வைத்துப் பாருங்கள், தட்டு முறுக்கிக்கொண்டு 'டமார்' என்று அடிக்கும். அணைத்த பிறகு வருகிற டிக்… டிக்… எல்லாம் அதே தகடு ஆறிச் சுருங்குவது. தட்டையும் கம்பி அடுக்கையும் வெளியே எடுத்துவிட்டு, வெறும் ஓவனைச் சூடாக்கிப் பாருங்கள். டொக் நின்றுவிட்டால் குற்றவாளி தட்டுதான்.

அணைத்த பிறகு ஓடுவது குளிரூட்டும் விசிறி. அலமாரிக்குள் பதிக்கும் ஓவன்களில், சமைக்கிற அறைக்கு மேலே, கன்ட்ரோல் போர்டும் வயர்களும் வெந்துபோகாமல் இருக்க இது தனியாக வைக்கப்பட்டிருக்கும். உள்சூடு இறங்கும் வரை, சில சமயம் அரைமணி நேரம்கூட ஓடிவிட்டுத் தானாக நிற்கும். அது பாவம், அதன் வேலையைச் செய்கிறது. ஓவன் ஜில்லென்று ஆன பிறகும் மணிக்கணக்கில் நிற்காமல் ஓடினால் மட்டும் சென்சாரையோ ரிலேயையோ (மின்சாரத்தைத் தானாக இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) சந்தேகப்படலாம்.

இப்போது என் ஓவன் கதை. ஒருநாள் அதிலிருந்து கரகரவென்று, தகரத்தை ஆணியால் கீறுவதுபோல ஒரு சத்தம். பார்க்க வந்த மெக்கானிக் ஒரு நிமிடம் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "ஃபேன் மோட்டார் போச்சு, மாத்திடலாம்" என்றார். (மேலே சொன்ன குளிரூட்டும் விசிறி இல்லை, உள்ளே பின்பக்கத் தகட்டுக்குப் பின்னால் சூடான காற்றைச் சுழற்றிவிடும் விசிறி.) எனக்கு மனசு ஒப்பவில்லை. அன்று இரவு ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு ஓவன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். என்ன மாதிரிச் சத்தம் என்று யோசித்துக் குழம்புவதைவிட, எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்று எழுதுவது மேல். நான் எழுதியது இவ்வளவுதான்: மேல்-கீழ் சூடு மட்டும் வைத்தால் சத்தமில்லை. சூடில்லாமல் விசிறி மட்டும் ஓடும் டிஃப்ராஸ்ட்டில் வைத்தால், அப்போதும் சத்தமில்லை! விசிறியும் சூடும் சேர்ந்தால், 12 நிமிடம் கழித்துக் கரகர.

மோட்டார் போயிருந்தால் சூடில்லாமல் ஓடும்போதும் ஏதாவது முனகியிருக்க வேண்டுமே. மெயின் சுவிட்சை அணைத்து, நன்றாக ஆறவிட்டு, உள்ளே பின்பக்கத் தகட்டின் நான்கு ஸ்க்ரூவையும் கழற்றினேன். தகட்டைத் திருப்பிப் பார்த்தால், புகை படிந்த கறுப்பில் பிறை வடிவத்தில் பளபளவென்று ஒரு கீறல். விசிறியைப் பிடித்து நிறுத்தும் நட்டு தளர்ந்து, விசிறி ஒரு மயிரிழை முன்னால் வந்திருந்தது. ஆறியிருக்கும்போது அந்த இடைவெளி போதும். தகடு சூடாகி உள்பக்கம் புடைத்ததும் விசிறி அதில் உரசியிருக்கிறது.

சரி, நட்டை இறுக்குவோம் என்று வழக்கம்போல வலப்பக்கம் திருகினால், அது கழன்று என் உள்ளங்கையிலேயே விழுந்தது. பல ஓவன்களில் இந்த நட்டுக்கு மரை தலைகீழாக இருக்கும். விசிறி சுழலச் சுழலக் கழன்றுவிடாமல் இருக்க அப்படி ஓர் ஏற்பாடு. இடப்பக்கம் திருகினால்தான் இறுகும். இறுக்குவதற்கு முன் விசிறியை விரலால் சுண்டிப் பார்த்தேன், சத்தமில்லாமல் பல சுற்று சுற்றியது. பேரிங் தேய்ந்த மோட்டார் இப்படிச் சுற்றாது. இரண்டு சுற்றில் முரண்டு பிடித்து நிற்கும், அல்லது தண்டு பக்கவாட்டில் ஆடும். அப்படியானால் மெக்கானிக் சொன்னது சரி, மோட்டாரை மாற்றத்தான் வேண்டும்.

சீரான இடைவெளியில் வரும் 'டக்' சத்தம், சூட்டைக் கட்டுப்படுத்த ரிலே திறந்து மூடுவது, விட்டுவிடுங்கள். ஆனால் அது டகடகவென்று விடாமல் துடித்தால் போர்டைப் பார்க்கச் சொல்லுங்கள். தாழ்ந்த 'ம்ம்ம்' ரீங்காரம் வீட்டுக்கு வரும் மாறுதிசை (ஏசி) மின்சாரத்தின் குரல்: 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் என்றால் நொடிக்கு 100 அதிர்வு, 60 என்றால் 120. சூடேற்றும் கம்பியைத் தாங்கும் ஸ்க்ரூ தளர்ந்திருந்தால் இதே ரீங்காரம் கடகடப்பாக மாறும்.

நான் பயப்படுகிற சத்தங்கள் வேறு. எண்ணெய் பொரிவதுபோலச் சடசடவென்று கேட்டு, கூடவே கருகல் நாற்றமோ, கம்பியில் ஓர் இடத்தில் மட்டும் கண்ணைக் கூசும் வெளிச்சமோ வந்தால், கம்பி வெடித்திருக்கலாம், அல்லது வயர் இணைப்பு தீய்ந்துகொண்டிருக்கலாம். கதவைத் திறந்து எட்டிப் பார்க்க வேண்டாம், முதலில் மெயினை அணையுங்கள்.

கேஸ் ஓவனாக இருந்தால், பற்றவைத்துச் சில நொடி கழித்து 'பக்'கென்று பற்றுகிறதா என்று கவனியுங்கள். அந்தச் சில நொடியும் எரியாத கேஸ் உள்ளே சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். பர்னர் துளை அடைத்திருக்கலாம், பற்றவைக்கும் இக்னைட்டர் வலுவிழந்திருக்கலாம். சரிசெய்யும் வரை உபயோகிக்காதீர்கள். துடைத்த பிறகு டிக்டிக்டிக் என்று பொறி தட்டிக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் ஈரம்தான், காய்ந்ததும் நின்றுவிடும்.

மைக்ரோவேவ் என்றால் நான் செய்ததுபோல நீங்களாகக் கழற்றவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெபாசிட்டர் ஆளைக் கொல்லும் அளவுக்கு மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். தட்டைச் சுழற்றும் சக்கர வளையத்தை எடுத்துக் கழுவுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இன்று இரவே வெறும் ஓவனை ஒருமுறை சூடாக்கி, டொக் வருகிறதா என்று பாருங்கள். அணைத்த பிறகு அந்த 'உய்ய்' எத்தனை நிமிடத்தில் நிற்கிறது என்று மணியும் பார்த்துக்கொள்ளுங்கள். அரைமணிக்கு மேல் வெகுநேரம் போனால் கீழே எழுதுங்கள், மேற்கொண்டு யோசிக்கலாம்.