ஐஸ் ஹாக்கியில் இரண்டாவது கோல்கீப்பராகவே முப்பது வயதை நெருங்கும் ஒருவர் அந்தத் தொழிலை விட்டுவிடுவதுதான் நல்லதா?

விட வேண்டியதில்லை என்பதே என் பதில். ஆனால் கேள்விக்குக் கீழே, "ஆடாமல் உட்கார்ந்திருப்பதற்குச் சம்பளம் வாங்குவதும் ஒரு தொழிலா?" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். அந்த வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். கனடாவிலோ அமெரிக்காவிலோ உங்கள் உறவினர் பிள்ளை ஒருவர் இந்த நிலையில் இருக்கிறார், அவரைப் பற்றி வீட்டில் பேச்சு எழுந்திருக்கிறது என்று ஊகித்துக்கொள்கிறேன்.

நான் ஐஸ் ஹாக்கி ஆடியவன் அல்லன். எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் ஓர் அலுவலகத் தரை ஹாக்கிக் குழுவின் இரண்டாவது கோல்கீப்பராகப் பல ஆண்டுகள் இருந்தவன். இரண்டும் வேறு வேறு ஆட்டங்கள், உனக்கு இதில் பேச என்ன தகுதி என்று கேட்க வருவோருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: வேறுபாடுகளை நான் அறிவேன். நம் ஹாக்கியில் கோல் 12 அடி அகலம், 7 அடி உயரம். அவர்களுடையது 6 அடி அகலம், 4 அடி உயரம் மட்டுமே. அங்கே பந்துக்குப் பதிலாக 3 அங்குல விட்டமும் 1 அங்குலத் தடிமனும் உள்ள, ஏறத்தாழ 170 கிராம் எடைகொண்ட ரப்பர் வட்டு. அது எகிறிக் குதிக்காமல் இருப்பதற்காக ஆட்டத்துக்கு முன் உறைய வைக்கிறார்கள். ஆயினும் ஒருவர் மட்டுமே நிற்கக்கூடிய இடத்துக்கு இருவரைத் தயாராக வைத்திருக்கும் ஏற்பாடு இரண்டு ஆட்டங்களுக்கும் பொதுவானது. உங்கள் கேள்வி அந்த ஏற்பாட்டைப் பற்றியதுதான்.

வட அமெரிக்காவின் தலைமை லீகான என்.எச்.எல்.லில் 32 குழுக்கள் உள்ளன. ஓர் ஆட்டத்துக்கு ஒரு குழு 12 முன்கள வீரர்களையும் 6 தடுப்பாட்டக்காரர்களையும் 2 கோல்கீப்பர்களையும் இறக்கலாம். இளம் முன்கள வீரர் ஒருவரை நான்காம் வரிசையில் சேர்த்து, சில நிமிடங்கள் ஆடவிட்டு, சிறிது சிறிதாகப் பழக்க முடியும். கோல்கீப்பரை அப்படிப் பழக்க வழியே இல்லை. நின்றால் முழு ஆட்டமும் அவர் பொறுப்பு, இல்லாவிட்டால் ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. இதில் வாய்ப்புத் தாமதமாகத்தான் வரும். கணக்கும் மிக நெருக்கமானது. கோலை நோக்கி அடிக்கப்படும் நூறு அடிகளில் தொண்ணூறைத் தடுப்பவர் இன்று அந்த லீகில் சராசரி ஆட்டக்காரர். தொண்ணூற்றிரண்டைத் தடுப்பவர் பெரிய பெயர். அந்த இரண்டு அடிகளின் வித்தியாசம் ஒருவரிடம் நிலையாக உள்ளதா என்று தெரிவதற்கே பல பருவங்கள் ஆகும்.

செக் நாட்டின் டொமினிக் ஹாஷெக் 1983ஆம் ஆண்டில், லீகின் குழுக்கள் இளம் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் தேர்வில் 199ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர். சிகாகோ குழுவில் முதன்மைக் கோல்கீப்பர் எட் பெல்ஃபோருக்குப் பின்னால் காத்திருந்து, பஃபலோ குழுவுக்கு மாற்றப்பட்டு, அங்கும் இன்னொரு புகழ்பெற்ற கோல்கீப்பர் காயமடைந்த பிறகே நிலையான இடம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 28. அதன்பின் 1997, 1998 ஆகிய இரண்டு பருவங்களிலும் லீகின் மிகச் சிறந்த வீரருக்கான ஹார்ட் கோப்பையைப் பெற்றார். அதை இருமுறை பெற்ற கோல்கீப்பர் இன்றுவரை அவர் ஒருவரே. 1998 நாகானோ ஒலிம்பிக் அரையிறுதியில் சமனான ஆட்டத்தை முடிவுசெய்யும் ஷூட்டவுட்டில், கோல்கீப்பரை மட்டும் எதிர்கொண்டு கனடா வீரர்கள் அடித்த ஐந்து அடிகளையும் தடுத்து, தம் நாட்டைத் தங்கத்துக்கு அழைத்துச் சென்றார். அமெரிக்காவின் டிம் தாமஸ் இன்னும் நெடுங்காலம் காத்திருந்தவர். 1994இல் 217ஆவது ஆளாகத் தேர்வாகி, பின்லாந்திலும் ஸ்வீடனிலும் கீழ்நிலை லீகுகளிலும் சுற்றி, 2005-06 பருவத்தில், 31 வயதில்தான் பாஸ்டன் குழுவின் முதன்மைக் கோல்கீப்பரானார். லீகின் வாகையரைத் தீர்மானிக்கும் 2011 ஸ்டான்லி கோப்பை இறுதியின் ஏழாவது ஆட்டத்தில் வான்கூவர் குழுவை அதன் சொந்த அரங்கிலேயே ஒரு கோலும் விடாமல் 4-0 என்று வென்றபோது அவருக்கு வயது 37. இவர்கள் விதிவிலக்குகள் என்று நீங்கள் சொல்லலாம். உச்சத்தைத் தொட்டவர்கள் எந்தத் தொழிலிலும் விதிவிலக்குகளே. ஆனால் முப்பதுக்குப் பிறகு முதிர்வது இந்த இடத்துக்கு இயல்பானது என்பதை அந்த லீகின் பயிற்சியாளர்கள் எல்லோரும் அறிவார்கள்.

இனி என் அனுபவத்துக்கு வருகிறேன். எங்கள் அலுவலகத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அங்கே இரண்டு கோல்கீப்பர்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு செட் பேடுதான் (கால் காப்பு) வாங்கித் தந்திருந்தார்கள். முதன்மைக் கோல்கீப்பர் எனக்கு மூத்தவர், நான் அண்ணன் என்று அழைத்தவர். அவர் பேடு கட்டி நிற்கும்போது நான் சட்டையும் கால்சட்டையுமாக வெளியே நிற்பேன். ஆட்டத்துக்கு முன் உடலைச் சூடாக்கிக்கொள்ள என்மேல் யாரும் பந்தடிக்க முடியாது. காப்பு இல்லாதவன்மேல் ஹாக்கிப் பந்தை அடிப்பதில்லை. சுவரில் டென்னிஸ் பந்தை எறிந்து கையையும் கண்ணையும் பழக்கிக்கொள்வேன். ஆட்டம் தொடங்கியதும் எதிரணியின் பெனால்டி கார்னர் அடிப்பவரைப் பார்ப்பதே என் வேலை. தடுக்கும் அணியின் தவறுக்குத் தண்டனையாகக் கோல் கோட்டிலிருந்து தள்ளிவிடும் பந்தை ஒருவர் நிறுத்த, இன்னொருவர் கோலை நோக்கி அடிப்பதுதான் அது. எந்தத் தோள் தாழ்ந்தால் பந்து தரையோடு வருகிறது, பந்தை நிறுத்துபவர் எவ்வளவு தள்ளி நிறுத்துகிறார், யாருக்குக் கண்ணால் சாடை காட்டுகிறார் என்பதையெல்லாம் கவனித்து இடைவேளையில் அண்ணனிடம் சொல்வேன். அவர் அதைக் கேட்டு நிற்கும் இடத்தை மாற்றிக்கொள்வார். இதை எந்த ஸ்கோர் ஷீட்டிலும் எழுத மாட்டார்கள்.

ஒரு போட்டியின் அரையிறுதியில், இரண்டாம் பாதியில், ஒரு பெனால்டி கார்னர் அடி அண்ணனின் கட்டைவிரலில் விழுந்தது. பந்து தடுப்பாட்டக்காரர் காலில் பட்டுத் திரும்பியதால் மறுபடியும் கார்னர் கொடுத்தார்கள். அண்ணனால் ஸ்டிக்கைப் பிடிக்க முடியவில்லை. மைதானத்தின் ஓரத்திலேயே அவருடைய கால்களிலிருந்து பேடுகளை அவிழ்த்து என் கால்களில் கட்டினார்கள், நடுவர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். ஆட்டத்துக்கு முன் டர்ஃபில் தெளித்த தண்ணீரெல்லாம் பேடுகளில் ஊறி, பஞ்சு கனத்துப் போயிருந்தது. கிளவுஸ் அவர் வியர்வையால் நனைந்திருந்தது. அந்த நாளில் என்மேல் பட்ட முதல் பந்து அந்தக் கார்னர் அடிதான். அடிப்பவரின் இடது தோள் தாழ்ந்தது. நான் வலப்பக்கம் காலை நீட்டினேன். பந்து பேடில் பட்டு வெளியே போனது. எதிர்பாராமல் நீண்ட கால் என்று பலர் சொன்னார்கள். ஆட்டத்தின் முதல் நிமிடத்திலிருந்து அந்தத் தோளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவனின் கால் அது. அந்த ஆட்டம் சமனாகி, டை பிரேக்கரில் தோற்றோம்.

பின்னர் பதவி உயர்வுக்கு விளையாட்டுச் சாதனைகளைக் கணக்கெடுத்தபோது, தொடக்கத்திலிருந்து களத்தில் நின்ற ஆட்டங்களை மட்டுமே எனக்கு எண்ணினார்கள். கடைசி ஐந்து நிமிடங்களுக்கு மாற்றாக இறங்கிய முன்கள வீரர்களுக்கு அந்த ஆட்டங்கள் கணக்கில் ஏறின. குழுவோடு ஒவ்வொரு ஊருக்கும் சென்று, காலைப் பயிற்சியில் அத்தனை பேரின் அடிகளையும் வாங்கிய எனக்கு, "நீங்கள் உட்கார்ந்துதானே இருந்தீர்கள்?" என்று ஓர் அதிகாரி சொன்னார். நீங்கள் எழுதிய வரியும் ஏறக்குறைய அதே வரிதான் என்பதால் இதைச் சொல்கிறேன். உங்கள்மேல் எனக்குக் கோபமில்லை.

ஐஸ் ஹாக்கியில் நான் மதிக்கும் விஷயம் ஒன்று உண்டு. அங்கே இரண்டாவது கோல்கீப்பர் ஆட்டம் முழுவதும் முழுக் கவசத்தோடு அமர்ந்திருக்கிறார். ஆட்டத்துக்கு முன் அவரும் அடிகளை வாங்கிப் பழகுகிறார். இருவரும் காயமடைந்தால் என்ன செய்வது என்பதற்குக்கூட ஒரு மூன்றாம் ஆளை அரங்கில் அமர்த்தியிருக்கிறார்கள். 2020 பிப்ரவரி 22 அன்று டொரொண்டோவில், கரோலினா குழுவின் இரண்டு கோல்கீப்பர்களும் காயமடைந்தபோது, டேவிட் ஏர்ஸ் என்ற 42 வயதுக்காரர் இறங்கினார். தாயிடமிருந்து சிறுநீரகம் பெற்றவர். முதல் இரண்டு அடிகளும் கோலாயின. அடுத்த எட்டையும் தடுத்தார். 6-3 என்று கரோலினா வென்றது. அந்த வெற்றி அவர் பெயரில் முறையாகப் பதிவாகியிருக்கிறது. எங்கள் ஊர்ப் பதிவேடுகளில் அந்த நியாயம் இருந்திருந்தால் நான் இந்தப் பதிலை எழுதியிருக்கவே மாட்டேன்.

கவசம் எவ்வளவு செலவு பிடிக்கும் என்பதைக் குடும்பங்கள்தான் அறியும். இந்திய ஹாக்கி அணியின் கோல்கீப்பராக இருந்த பி.ஆர்.ஸ்ரீஜேஷுக்குக் கோல்கீப்பர் கிட் வாங்க அவருடைய தந்தை வீட்டுப் பசுவை விற்றார் என்பது நம் ஊரில் பலருக்கும் தெரிந்த செய்தி. அதே ஸ்ரீஜேஷ் 2023இல் எழும்பூரில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை ஆடியபோது நான் காலரியில் இருந்தேன். அவரோடு மாறி மாறிக் கோல் முன் நின்ற கிருஷண் பகதூர் பாதக்கையே நான் அதிகம் கவனித்தேன். பாரிஸ் ஒலிம்பிக்கில் பாதக் மாற்று வீரராகவே இருந்தார். வெண்கலத்தோடு ஸ்ரீஜேஷ் ஓய்வுபெற்ற பிறகுதான் முதன்மை இடம் அவருக்கு வந்தது. அத்தனை ஆண்டுகளும் அவர் சும்மா இருந்தார் என்று யாராவது சொல்வார்களா?

உங்கள் உறவினர் பிள்ளை விஷயத்தில் நான் கவலைப்படுவது அவருடைய உடலைப் பற்றித்தான். முழங்கால்களை உள்நோக்கி மடக்கிப் பனியில் விழுந்து தடுக்கும் முறை இடுப்பு மூட்டைக் கெடுக்கும். தலையில் படும் அடிகள் அதைவிடக் கொடியவை. 2013இல் பட்ட அடிக்குப் பிறகு தம் மூளைக்குச் செல்லும் ரத்த ஓட்டம் வெகுவாகக் குறைந்திருந்ததை டிம் தாமஸ் 2019இல் வெளிப்படையாகச் சொன்னார்; பல ஆண்டுகள் ஆட்டத்தைப் பார்க்கக்கூட முடியாமல் விலகியிருந்தார். ஆகவே அடுத்த முறை தொலைபேசியில் பேசும்போது, இடுப்பு வலிக்கிறதா, தலையில் அடிபட்டபோது மருத்துவர் சொன்ன ஓய்வை முழுமையாக எடுத்தாரா, தனிக் கோல்கீப்பிங் பயிற்சியாளர் இருக்கிறாரா, அடுத்த பருவத்துக்கு ஒப்பந்தம் கைக்கு வந்துவிட்டதா என்று கேளுங்கள். இவற்றுக்கு நல்ல பதில் வந்தால் முப்பத்தைந்து வரை தாராளமாக ஆடட்டும்.