மாடல் விமானத்தில் எண்ணெய்ப் பிசுக்கு: பாலக்காட்டு எல்லை வாசகர்களின் கேள்விகள்

ஒருமுறை பறந்து இறங்கினாலே விமானத்தின் வயிறு முழுக்க எண்ணெய். எரிபொருளில் எண்ணெயைக் குறைத்துக் கலக்கலாமா, சார்? (கொழிஞ்சாம்பாறை)

தயவுசெய்து வேண்டாம். டூ-ஸ்ட்ரோக் க்ளோ என்ஜினில், அதாவது மெத்தனால் எரிபொருளில் ஓடும் நம் மாடல் என்ஜினில், எண்ணெய்க்கென்று தனி இடம் இல்லை. எரிபொருளோடு வரும் எண்ணெய்தான் பேரிங்குக்கும் பிஸ்டனுக்கும் உயிர்; சூட்டையும் அதுவே வெளியே கொண்டுபோகிறது. வேலை முடிந்ததும் பெரும்பகுதி எரியாமலே மப்ளர் (புகைபோக்கி) வழியாக வந்துவிடும். 300 மில்லி டேங்கில் 20% எண்ணெய் என்றால் 60 மில்லி. அது வரத்தான் செய்யும், எங்கே விழ வேண்டும் என்பதை மட்டுமே நாம் தீர்மானிக்க முடியும்.

ஆனால் நீடிலை, அதாவது எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகைப் பாருங்கள். தேவைக்கு மேல் திறந்திருந்தால் எரியாத எரிபொருளும் சேர்ந்து வழியும். முழு த்ராட்டிலில் உச்ச வேகம் வரும்வரை மூடி, சத்தம் லேசாக இறங்கும் அளவுக்குத் திரும்பத் திறங்கள். மூக்கைத் தூக்கிப் பிடித்தாலும் என்ஜின் தளரக்கூடாது. பிசுக்கு குறையட்டும் என்று அதற்கு மேல் மூடினால் பிஸ்டன் போய்விடும்.

மப்ளரில் டியூப் மாட்டினால் பவர் குறையுமா? (வேலந்தாவளம்)

சரியாக மாட்டினால் குறையாது, இருப்பதிலேயே நல்ல வழியும் இதுதான். சூடு தாங்கும் சிலிக்கான் டியூபை மப்ளர் வாய்மேல் ஏற்றி, கேபிள் டையால் இறுக்குங்கள். ப்ரொப்பல்லர் தள்ளும் காற்று நேராகப் போவதில்லை, உடம்பைச் சுற்றிச் சுழன்று போகிறது. அதனால்தான் வலப்பக்க மப்ளரின் எண்ணெய் அடிவயிற்றில் படிகிறது. டியூபின் முனை உடம்பை விட்டு விலகி, கீழும் வெளியும் பார்த்து இருக்கட்டும். உள்விட்டம் மப்ளர் வாயைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. மப்ளர் அழுத்தம்தான் டேங்கிலிருந்து எரிபொருளைத் தள்ளுகிறது. வாய் குறுகினால் அந்த அழுத்தம் மாறி, கலவையும் மாறும். மாட்டியபின் நீடிலை மறுபடி சரிபாருங்கள்.

கடை விளக்கெண்ணெயை மெத்தனாலில் கலக்கலாமா? (பாலக்காட்டுச் சித்தூர்)

எண்ணம் சரியான திசையில்தான் போகிறது. விளக்கெண்ணெய் மெத்தனாலில் கரையும், சாதாரண பெட்ரோலிய ஆயில் கரையாது. முதல் உலகப் போர் விமானங்களின் ரோட்டரி என்ஜின்களுக்கு உயவாக ஊற்றியதும் இதே எண்ணெயைத்தான். ஆனால் தலைக்கும் விளக்குக்கும் விற்பது வேண்டாம். கோந்து நீக்கிய என்ஜின் தரம் வேண்டும். அதுவும் சூட்டில் பழுப்பு வார்னிஷாக ஒட்டிக்கொள்ளும். பிசுக்குதான் கவலை என்றால், பெரும்பங்கு சிந்தெடிக் (செயற்கை) எண்ணெய், சிறுபங்கு விளக்கெண்ணெய் உள்ள ரெடிமேட் எரிபொருளே நல்லது.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். மெத்தனால் கொடிய விஷம். 2000-இல் கொல்லம் பக்கம் கல்லுவாதுக்கல்லில் நடந்த கள்ளச்சாராயச் சாவுகளை நாம் மறக்கக்கூடாது. பெயர் எழுதி, பூட்டி, பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். அதன் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது.

மரத்தில் எண்ணெய் ஊறி, ஒட்டினால் பசை நிற்கவில்லை. (கோவிந்தாபுரம்)

எண்ணெய் ஊறிய பால்சா மரத்தில் எதுவும் ஒட்டாது. மக்காச்சோள மாவை அப்பி, மிதமான சூடு காட்டி, மாவு நிறம் மாறினால் தட்டிவிட்டு மறுபடி அப்புங்கள். சில தடவை செய்ய வேண்டும். நிறைய ஊறியிருந்தால் அந்தத் துண்டையே வெட்டி மாற்றிவிடுங்கள்.

அடுத்த விமானத்தில் முதலிலேயே முந்திக்கொள்ளுங்கள். என்ஜின் அறை, டேங்க் அறை, இறக்கை உட்காரும் இடம் மூன்றுக்கும் எபாக்சி பிசின் பூசுங்கள். மரத்தின் மேல் ஒட்டும் கவரிங் ஃபிலிமின் ஓரங்களை அடைத்துவிடுங்கள், எண்ணெய் நுழைவது அங்கேதான். சாதாரண ஸ்ப்ரே பெயின்டை க்ளோ எரிபொருள் கரைத்துவிடும். காருக்கு அடிக்கும் 2கே க்ளியர் (இரண்டு பொருள் கலந்து அடிக்கும் நிறமற்ற பூச்சு) தாங்கும்.

எதைப் போட்டுத் துடைப்பது?

மைதானத்திலேயே, காய்வதற்குள், தண்ணீரில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து துடையுங்கள். துணியை நனைத்துத் துடையுங்கள், விமானத்தின் மேல் பீய்ச்ச வேண்டாம். மார்கழி, தையில் கணவாய்க் காற்று வீசும்போது வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் புழுதி ஒட்டிவிடும். சித்தூர்ப் பக்கத்துக் கரிசல் பிடித்தால் தேய்த்தெடுப்பது பெரும்பாடு.

பெட்ரோல் என்ஜினுக்கு மாறிவிடலாமா? (கஞ்சிக்கோடு)

பெரிய விமானம் என்றால் தாராளமாக. நாற்பது பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய் என்ற 40:1 கலவையில் 300 மில்லிக்கு எண்ணெய் ஏழு மில்லி சொச்சம்தான். விளக்கெண்ணெய் கலக்காதீர்கள், பெட்ரோலில் சரியாகச் சேராது, டூ-ஸ்ட்ரோக் வண்டிகளுக்கான 2டி ஆயில்தான். க்ளோவுக்கு வைத்திருக்கும் சிலிக்கான் எரிபொருள் டியூப் பெட்ரோலில் உப்பிக் கெட்டுவிடும். டேங்கின் உள்ளே இருப்பதையும் சேர்த்து, பெட்ரோல் தாங்கும் டியூபாக முதலிலேயே மாற்றிவிடுங்கள்.